அம்மா மெழுகாத சுவர்

அழுகிய உள்ளிப்பூண்டையும் மண்ணெண்ணெயையும் ஒன்றாகக் கலந்தால் ஒரு மணம் வருமே... அதுதான் என் சின்ன வயது. சிரிக்காதீர்கள். உங்களுக்கெல்லாம் மல்லிகை, மழை மண் என்று ஏதாவது இருக்கும். எனக்குச் சுவரில் அடிக்கிற மலேரியா மருந்து!

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர். மண் சுவர், தென்னோலைக் கிடுகுக் கூரை. மருந்தடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் சட்டி, பானை, பாய், தலையணை எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். தோளில் பம்பு, காக்கிக் கால்சட்டை. 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தத்தோடு உட்சுவரெல்லாம் நனையும். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்.

அவர்களில் தவராசா அண்ணன் என்று ஒருவர். எல்லா வீட்டு வாசலிலும் அவருக்கு ஒரே பாட்டுத்தான்.

"அக்கா, சுவரில கை வெச்சிராதீங்க. மெழுகினா மருந்து மூடிப் போயிரும். மறுகா இரத்தம் குடிச்ச நுளம்பு வந்து குந்தினாலும் சாகாது."

"ஓம் தம்பி, ஓம்" என்பாள் அம்மா.

ஓம் போடுவதில் எங்கள் ஊரை அடிக்க ஆளில்லை.

ஆனால் வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் சடங்கு. சடங்குக்கு வீடு மெழுகாமல் இருப்பதா? ஊரில் எந்தப் பெண்ணும் கனவில்கூட நினைக்காத காரியம். அதுவும் அம்மா...

எனக்கு முன் பிறந்த அண்ணனைக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது நான் ஒருத்தி. என்னையாவது விட்டுவை தாயே என்று அம்மாளிடம் கேட்டுத்தான் அம்மா ஒவ்வொரு வைகாசியிலும் சாணியும் களிமண்ணும் குழைத்துச் சுவர் மெழுகுவாள். அந்த வருடமும் மெழுகினாள். மருந்து அடித்துப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளை எல்லாம் மறைந்து, வீடு புதுசாகிவிட்டது. ஈரச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு படுப்பேன். அந்தக் குளிர்ச்சி இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

சடங்கு முடிந்து கொஞ்ச நாளில் எனக்கு நடுக்கம் தொடங்கியது.

காய்ச்சலில் உலகம் எவ்வளவு மெதுவாகப் போகும் தெரியுமா... கூரை முகத்துக்குக் கிட்ட இறங்கி வரும், பிறகு எங்கேயோ உயரத்துக்குப் போய்விடும். சுவர் மூச்சு விடும். வாசலில் ஒரு பிள்ளை நின்றது. அண்ணனை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவன்தான் என்று தெரிந்தது.

"அம்மா... அண்ணன் வந்து நிக்கான்."

அம்மா போட்ட சத்தத்தில் அயல் முழுக்கக் கூடிவிட்டது. யாரோ ஓடிப்போய்ப் பக்கத்து ஊரில் நின்ற தவராசா அண்ணனைக் கூட்டிவந்தார்கள். அவர் என் விரலில் குத்தி, இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவினார். நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்தார்.

"அக்கா... மெழுகினீங்களா?"

அம்மா சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அம்மாளுக்கெண்டுதானே தம்பி மெழுகின நான்! இவளுக்காகத்தானே!"

"அழுகிறத மறுகா பாப்பம். சுறுக்கா தோணியப் பிடிங்க" என்றார் அவர்.

அவர் விழுங்கத் தந்த குளிசை எதுவும் வயிற்றில் தங்கவில்லை. வாவியைக் கடந்து டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். அம்மாவின் மடியில் கிடந்தேன். மேலேயும் வானம், கீழேயும் வானம்... நடுவில் தோணி நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. காதுக்குள் 'ங்ங்ங்' என்று ஓர் ஓசை. எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள்.

"மீன் பாடுதும்மா."

"பாடட்டும் மனே. நீ கண்ண மூடாத. கேட்டுக்கிட்டே வா..."

கரை வரும்வரை அம்மா என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி, சேலைன், பச்சைக் கசப்பாக மருந்து. பிழைத்துவிட்டேன். இல்லாவிட்டால் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை!

அடுத்த வைகாசியில்தான் கூத்து. சாணி குழைக்கிற நேரத்தில் அம்மா வீடு வீடாகப் போனாள்.

"உள்சுவரத் தொடாதீங்ககா. வெளிய மட்டும் மெழுகுங்க."

"அம்மாளுக்குக் கோவம் வந்தா?"

"வந்தா என்ட வீட்ட வரட்டும். நான் பேசிக்கிறன்."

சிலர் ஏசினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததில் இவளுக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். ஆனால் என்னைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்துக்கொண்டார்கள். சுவர் மெழுகுவதில் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்ட பெண்கள்... அந்தச் சடங்குக்கு மருந்துக் கறையோடு வீட்டை வைத்துக்கொண்டு, கூச்சத்தோடு விளக்கேற்றினார்கள்.

இப்போது டவுன் பக்கம், நாவற்குடாவில் கல்வீடு. அம்மா என்னோடுதான். மகள் டாக்டராகிவிட்டாள். டெங்குவுக்குப் புகையடிக்க வருவார்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு போனைப் பார்ப்போம். அந்தப் பூண்டு மணம் மட்டும் எங்கேயும் இல்லை. சில நேரம் அதைத் தேடுகிறேன் என்றால் நம்புவீர்களா...

மகளின் கல்யாணத்துக்குப் போன மாதம் பெயிண்ட் அடித்தோம். அம்மாவின் கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு வந்ததும் வழக்கம்போல மறித்துவிட்டாள். எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் தன் தலைமாட்டுச் சுவரை மட்டும் தொட விடமாட்டாள்.

மகள் சிரித்தாள். "அம்மம்மா, இந்த வீட்டில ஒருநாளும் மருந்தடிக்கல்ல. மலேரியா இப்ப நம்மட நாட்டிலயே இல்ல. நானே புத்தகத்தில படிச்சதுதான், ஒரு நோயாளியக்கூடப் பாத்ததில்ல."

"தெரியும் புள்ள" என்றாள் அம்மா. "அது தன்ட பாட்டில போனதெண்டா நினைக்காய்? அம்மாளுக்கு முன்னால ஊரே அழுக்குச் சுவரோட நிண்டம்."

மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெயிண்ட்காரர் வாளியோடு என்னைப் பார்த்தார்.

"அத விடுங்க தம்பி" என்றேன்.