உசிருள்ள பொடி

கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பொட்டலம் போட்டு விற்பதுதான் என் தொழில். சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் என்று வாயில் நுழையாத பேர்கள். எல்லாம் வேரைச் சுற்றிக் குடியிருந்து பயிரை வளர்க்கிற, நோயைத் தடுக்கிற பாக்டீரியாக்கள். பார்க்க முடியாததை நம்பச் சொல்லி வெயிலில் அலைகிற என் இனத்து ஆட்களே, உங்களுக்குத்தான் இது.

பெருமூச்சு

அருப்புக்கோட்டையில் சுந்தரம் அண்ணாச்சிக்கு உரக்கடை. அவருடைய அப்பா அந்தக் கல்லாவில் உட்கார்ந்தபடியே இறந்துபோனவர். ஒரு கோடையில் அண்ணாச்சி போன் பண்ணினார். மத்தியானம் கடையில் ஆளில்லாதபோது யாரோ பெருமூச்சு விடுகிறார்களாம்.

போய் உட்கார்ந்தேன். எனக்கும் கேட்டது. களைத்துப்போன மனுஷன் விடுகிற மாதிரி நீளமான மூச்சு. பிறகுதான் அலமாரியைப் பார்த்தேன். நான் கொடுத்த, இதே பாக்டீரியாக்கள் கலந்த திரவ உரப் பாட்டில்கள் சூட்டில் உப்பி, உள்ளிருந்த காற்று மூடி இடுக்கு வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் எடுத்து வண்டியில் கட்டினேன். கடை அமைதியானது. அண்ணாச்சி காலி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போறீகளே தம்பி, இனி மத்தியானத்துல நான் யாரோட இருக்க?"

பாயின் விரல்

வீரசோழன் ஊர்க் காதர் பாய்க்கு மிளகாய் நாற்று முளைத்ததும் அழுகிச் சாய்ந்துவிடும். விதையில் சூடோமோனாஸ் பொடியைக் கலந்து விதைக்கச் சொன்னேன். "இதுல உசிரு இருக்குன்னு எப்பிடி நம்ப?" என்றார். எங்கள் கம்பெனி ஆய்வகத்துக்கே கூட்டிப்போய், பொடி ஒட்டிய விரலைக் கிருமி வளர்க்கிற தட்டில் லேசாக அழுத்தச் சொன்னேன்.

சில நாள் கழித்து வந்தார். சன்னலை அடைத்துவிட்டு புறஊதா விளக்கைத் தட்டின்மேல் பிடித்தேன். தட்டில் பதிந்த அவருடைய விரல் இருட்டில் பச்சையாக ஒளிர்ந்தது. அரிவாள் பட்ட தழும்புகூட கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அந்த விளக்கில் மினுங்குவது இந்தக் கிருமியின் குணம் என்று விளக்கினேன். பாய் காதில் வாங்கவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த வருஷம் நாற்று சாயாமல் நின்றது. ஆனாலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையேதான் கேட்பார்.

"அந்தத் தட்ட என்ன செஞ்சீக? நான் இங்கன இருக்கையில என் விரலு அங்கன தனியா வளருதா?"

வட்டம்

எம்.ரெட்டியபட்டியில் பாண்டியம்மாள் அக்காவின் பருத்திப் புஞ்சை. நடுவே வட்டமாகச் செடிகள் செத்துக் கிடந்தன. போகும்போதெல்லாம் வட்டம் பெரிசாகியிருந்தது. வேரழுகல். ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். கீழே பிடித்திருந்த யாரோ கையை விட்டதுபோல லேசாக வந்துவிட்டது.

"அவுக விழுந்த எடம் தம்பி," என்றார் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் பூச்சிமருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்து அங்கேயே போய்விட்டவர். மகளை நர்சிங் படிக்க அனுப்ப இந்த வெள்ளாமையை விட்டால் அக்காவுக்கு வேறு வழியில்லை.

பொடியைத் தொழுவுரத்தில் கலந்து, வட்டத்தைச் சுற்றிப் பிழைத்திருந்த செடிகளின் தூரில் இருவரும் வைத்துக்கொண்டே வந்தோம். அக்கா வாய்க்குள் ஏதோ பேசினார். என்னோடு இல்லை. "போதும், இத்தோட நில்லுங்க" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. காற்றே இல்லை. வட்டத்துக்குள் காய்ந்த செடிகள் மட்டும் சலசலத்தன.

மழைக்குப் பிறகு போனேன். சாவு சரியாக நாங்கள் பொடி வைத்த வரிசையோடு நின்றிருந்தது. அதற்கு வெளியே ஒரே பச்சை, நல்ல காய்ப்பு. அக்கா பருத்தி எடுத்தார், மகளும் படிக்கப் போனாள். நடுவிலும் பொடியைப் போட்டு உழுதுவிடலாமே என்று வட்டத்துக்குள் காலெடுத்து வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உங்க பொடி நிக்கிற எடத்துல நிக்கட்டும். உள்ள போகாதீக தம்பி, அவுக படுத்திருக்காக."

இத்தனைக்குப் பிறகும், பயிர் எப்படிப் பிழைத்தது என்று யாராவது கேட்டால் பாக்டீரியா என்றுதான் சொல்கிறேன், எனக்குச் சம்பளம் அதற்குத்தானே.