கோப்பித்தூளும் டியூப் கீலமும்

இன்று திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணி, தூறல். மருமகள் கோப்பித்தூள் போத்தலைத் திறந்த உடனேயே எனக்கு எரிச்சல் ஏறியது. கல்முனைக் கடைத்தெருவில் என் தகப்பனின் தம்பி, சாச்சா, வைத்திருந்த சைக்கிள் கடை அப்படியே திரும்பி வந்தது: ரப்பர்ப் பசை நாற்றம், பம்பின் மூச்சிரைப்பு, இரண்டு மர வாங்கு நிறைய உட்கார்ந்திருந்த வேலையற்ற ஆட்கள். எனக்கு அப்போது பத்து வயது. சங்கிலியில் சிக்கி வலது சுட்டுவிரல் கிழிந்தது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்திருந்தாலே இரத்தம் நின்றிருக்கும். சாச்சாவோ பக்கத்துத் தேநீர்க் கடைக் கோப்பித்தூளைக் காயத்தில் அடைத்து, விரலடியில் பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய கீலத்தை இறுக்கிக் கட்டினார்.

“ரத்தம் நிண்டிட்டு, பாத்தீங்களா? இனி டொக்டர்மாருக்கு என்ன வேலை?”

வாங்கிலிருந்தவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள்.

பின்னேரம் என்னைப் பெற்ற உம்மா வந்து சாச்சாவிடம் கெஞ்சினார். “விரல் கறுத்துப் போய்க் கிடக்கு தம்பி, அவுத்து உடுங்க.”

“அவுத்தா ரத்தம் பாயும் மச்சி. விடியட்டும்,” என்றார் சாச்சா தன் அண்ணன் மனைவியிடம்.

விடிந்தபோது விரலில் உணர்ச்சியே இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்த டாக்டர் உம்மாவைத்தான் ஏசினார்.

கடையும் இல்லை, சாச்சாவும் இல்லை. ஊரில் இன்னும் அவரைக் கைராசிக்காரர் என்கிறார்கள். அந்தக் கைராசிக்கு நான் கொடுத்தது, சுட்டுவிரலில் இரண்டு கணு.