சிலுவையடியில் நின்றவள்

பேய் பிசாசுக்குப் பயந்தவள் இல்லை நான். அன்றைக்கு மட்டும் பயந்தேன்.

மஹய்யாவையில் எனக்குப் பக்கத்து வீடு ரீட்டா. அவள் மகன் அந்தோணி வெளிநாட்டில் இறந்துவிட்டான் என்றார்கள். உடல் வரவில்லை. கூடத்தில் அவன் படத்துக்கு மாலை போட்டு, சிவப்பு பல்பு எரியவிட்டார்கள். கல்லறை இல்லாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில்தான் மெழுகுதிரி ஏற்றுவோம். வருடா வருடம் அவனுக்கும் ஒன்று ஏற்றுவேன்.

போன வருட மரித்தோர் திருநாளன்று பனி இறங்கும் நேரம். சிலுவையடியில் சேலை கட்டிய ஒருத்தி நின்றாள். படத்தில் இருந்த அதே முகம்.

"யாருக்குப் பெரியம்மா கொளுத்துறீங்க?"

"அந்தோணிக்கு" என்றேன்.

"அது நான்தான்."

கையிலிருந்த திரி சாய்ந்து, உருகிய மெழுகு அவள் விரலில் விழுந்தது. சுட்டதும் கையை உதறினாள். ஆவிக்குச் சுடுமா?

"பொம்பளையாத்தான் வாழுவேன்னு சொன்னேன். அப்பா நான் செத்துட்டதா ஊருக்குச் சொல்லிட்டாரு. அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். ஒரு தடவ பாக்கணும். உள்ள விடுவாங்களா?"

"என்னைத் தாண்டி யாரு தடுக்கிறதுன்னு பாப்போம். வா புள்ள."

வீட்டு வாசலில் அவள் அப்பா எழுந்து நின்றார். "செத்தவங்களுக்கு இங்க என்ன வேல?"

"அப்ப நான் இத்தன வருசமா யாருக்குச் செபம் பண்ணுனேன்?" என்றேன். வழிவிட்டார்.

கூடத்துக் கட்டிலில் கிடந்த ரீட்டா படத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "அந்த லைட்ட அணைங்க அக்கா" என்றாள். அணைத்தேன்.

இந்த வருடமும் சிலுவையடிக்குப் போவேன். அங்கே எரியும் திரிகளில் எது உயிரோடிருக்கும் பிள்ளைக்கு ஏற்றியதோ என்ற பயம் மட்டும் என்னை விடவில்லை.