அவர் பாஸ்வேர்டில் நான் படித்த மோர்ஸ்

என் கணவர் லாரி மோதி இறந்து ஐம்பது நாள் ஆகியிருக்கும். அவருடைய இறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்கக் கூடுவாஞ்சேரியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஆபீஸ் விட்டு வரும் வழியில் தினமும் ஒரு மணி நேரம் அவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்க ஆசை. எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளாக அனுப்பும் மோர்ஸ் முறையில் அதற்கு ஒரு தேர்வு உண்டு; அதற்காக இணையத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தும் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

கடைக்காரர் நகல்களை என் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"அண்ணி, அண்ணாத்தயோட பக்கம் மூணாம் நம்பர் சிஸ்டத்துல இன்னும் அப்பிடியே கீது. பாஸ்வேர்டு அதுவே போட்டுக்குது. அழிச்சிடவா?"

"காட்டுங்க."

திரையில் அவர் முன்னேற்றத்தைக் காட்டும் கோடு மெல்ல ஏறிப்போய் ஓரிடத்தில் நின்றிருந்தது. பதினெட்டு எழுத்துகள் வரை வந்திருந்தார். எச் மட்டும் சிவப்பில் இருந்தது. எச்சுக்கு நான்கு குறுகிய ஒலிகள், எஸ்ஸுக்கு மூன்று. அவர் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டிருக்கின்றன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பாடத்தை அழுத்தினேன். டா நீண்ட ஒலி, டிட் குறுகியது. டா-டிட்-டா, கே. டா-டா, எம். ஐந்தைந்து எழுத்துகளாக வந்தன. எதற்கும் அர்த்தம் கிடையாது. அது எனக்குச் சரியாக இருந்தது.

நான் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மணியடித்ததும் ரயிலேறி அந்தக் கடைக்குப் போய்விடுவேன். வீட்டில் நாத்தனார் காத்திருப்பாள்.

"ஒரு தபா வாய்விட்டு அழுதுடு அண்ணி. இப்பிடிக் கல்லாட்டம் குந்திகினு இருந்தா எங்களுக்குத்தான் பயமா கீது."

அவளுக்காகவே முயன்று பார்த்தேன். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு வாளி நிரம்பி வழியும்வரை நின்றேன். அழுகை வரவில்லை. குழாயை மூடிவிட்டு வந்து, எல்லா இரவும் போலத் தூக்கமும் வராமல், விடியும்வரை பரீட்சைத்தாள் திருத்தினேன்.

எச் என்ற அந்த எழுத்தில் நானும் பதினோரு நாள் மாட்டிக்கொண்டேன். ஒரு சாயங்காலம் அது சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. கோடு மறுபடி ஏறத் தொடங்கியது. கடைக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணாத்தய தாண்டிட்டீங்க அண்ணி. உங்க பேர்ல புச்சா ஒண்ணு ஆரம்பிச்சுக்கலாமே?"

"வேணாம். இதுவே இருக்கட்டும்."

அன்று ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். எனக்கு முட்டைக்கோஸ் வாங்க வேண்டும் என்ற ஞாபகம்தான் வந்தது.

தேர்வுக்கு என் பெயரில் விண்ணப்பித்தேன். சென்னையில் ஓர் அறையில் ஆறேழு ஆண்களோடு உட்கார்ந்து, ஒலிநாடாவில் வந்ததை எழுதிக் கொடுத்தேன். பாஸ் என்று கடிதம் வந்தது. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. லைசென்ஸ் கைக்கு வர மேலும் பல மாதங்கள் ஆயின.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரின் நண்பர் மாமல்லபுரம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புக்கு அழைத்தார். ரேடியோக்காரர்கள் சிலர் மரத்துக்கு மரம் ஏரியல் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள். முழுக்க வெயில், மணல், கடல் இரைச்சல். மோர்ஸ் தட்டும் சாவியில் கை வைத்து அழைப்பு அனுப்பினேன். மூன்றாவது முறை விசாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். மிக மெதுவாக அனுப்பினார். என் சிக்னல் தெளிவாகக் கேட்கிறது என்றார், அங்கே மழை என்றார். முடிக்கும்போது நன்றி சொல்லி 'ஓஎம்' சேர்த்தார். 'ஓல்டு மேன்' என்பதன் சுருக்கம்; ரேடியோவில் ஆண்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நண்பர் சிரித்தார். "உங்கள ஆம்பளன்னு நெனச்சுட்டாரு அண்ணி. சொல்லிடுங்க."

"இருக்கட்டும், வுடுங்க."

அந்த ஆளுக்கு என் கணவரைத் தெரியாது. எனக்கு என்ன ஆயிற்று என்றும் தெரியாது. மழை பெய்கிறது என்று மட்டும் சொன்னார். இங்கே வெயில் என்று பதில் அனுப்பினேன். அதைத் தப்பில்லாமல் அனுப்பினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்தவள் திருக்கழுக்குன்றம் வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. செங்கல்பட்டில் கண்டக்டர்தான் எழுப்பினார்.

"இன்னாம்மா, இப்பிடித் தூங்கினு வர? எறங்கு, ஸ்டாண்டு வந்துடுச்சு."