நூல் டெம்போவுக்கும் சுவருக்கும் நடுவில்

மகளின் கல்யாணத்துக்கு வேட்டி எடுக்க ஜலகண்டாபுரம் போயிருந்தோம். தறிக்கூடம் இருந்த சந்து குறுகலானது. மற்ற வண்டிகளுக்கு வழி விடுவதற்காக என் கணவர் காரை இடதுபக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். என் பக்கக் கதவைத் திறக்க இடமில்லை.

"பத்தே நிமிசம். பாட்டுக் கேட்டுட்டு இரு" என்று பட்டனை அழுத்திப் பாட்டையும் ஃபேனையும் போட்டுவிட்டு இறங்கிப் போனார். நான் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன்.

விழித்தபோது பாட்டு நின்றிருந்தது. முதுகெல்லாம் வியர்வை. வலதுபக்கம் ஒரு நூல் டெம்போ எங்கள் காரை ஒட்டி நின்றது. அதில் ஆள் இல்லை. ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து கதவைத் தள்ளினேன். இரண்டு விரற்கடை திறந்து டெம்போவில் இடித்தது. பின்கதவும் அப்படித்தான். கண்ணாடி இறங்கவில்லை. ஹார்ன் அடிக்கவில்லை.

கணவருக்கு ஏழு முறை போன் செய்தேன். தறிச் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கதவிடுக்கில் மூக்கை வைத்து மூச்சு விட்டேன். இருபத்தாறு வருடமாக அவர் சொல்லும் பத்து நிமிடங்களுக்குக் காத்திருந்து பழகியவள்தான். பயந்தது அன்றைக்குத்தான்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் டேஷ்போர்டில் கிடந்த வண்டிப் புத்தகத்தை எடுத்தேன். பேட்டரி இறங்கினால் என்ன செய்வது என்ற பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்களுடையது பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட். அதில் வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி வேறு, அதை எழுப்பிவிடும் பன்னிரண்டு வோல்ட் சின்ன பேட்டரி வேறு. இறங்கியிருப்பது சின்னது.

திடீரென்று கரண்ட் போனது. எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றன. நான் கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தேன்.

டெம்போக்காரர்தான் முதலில் ஓடி வந்தார். "அய்யோ, உள்ள ஆள் இருக்கறது தெரியாம ஒட்டி நிறுத்திப்புட்டனுங்கக்கா!" என்று வண்டியை முன்னால் நகர்த்தினார். நான் இறங்கினேன். பின்னாலேயே என் கணவரும் வந்தார்.

"ஒரு போன் பண்றதுதான?"

"பேட்டரி இறங்கிருச்சு" என்றேன்.

ஒரு வண்டி பேட்டரியிலிருந்து இன்னொரு வண்டிக்குக் கரண்ட் கொடுக்கும் ஜம்பர் கேபிள் டெம்போவில் இருந்தது. கணவர் சந்து முனையில் நின்ற லாரியைக் காட்டினார். "அது பெரிய பேட்டரி. அதுல குடுத்தா சட்டுனு ஏறிக்கும்."

"வேண்டாங்க. லாரி இருபத்திநாலு வோல்ட்டு. நம்ம வண்டி பாழாயிரும். டெம்போ போதும்" என்றேன்.

"அக்கா சொல்றது சரிங்க. நம்முது பன்னெண்டுதான்" என்றார் டெம்போக்காரர்.

பானட்டுக்குள், ஃபியூஸ் பெட்டி மூடிக்கு அடியில் இருந்த பிளஸ் முனையைக் காட்டினேன். டெம்போக்காரர் சிவப்புக் கேபிளை முதலில் அதிலும் பிறகு டெம்போ பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டினார். கறுப்பை டெம்போவின் மைனஸில் மாட்டி, மறுமுனையை எங்கள் வண்டியில் பெயிண்ட் படாத ஒரு போல்ட்டில் கவ்வவிட்டார். பெரிய பேட்டரியின் கரண்ட் ஓடும் ஆரஞ்சு ஒயர் பக்கம் யாரையும் கை வைக்க விடவில்லை நான். டெம்போ எஞ்சின் ஐந்து நிமிடம் ஓடியது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை.

"ஆகல. மெக்கானிக்கக் கூப்புடறேன்" என்று கணவர் போனை எடுத்தார்.

வண்டி தயார் என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஆயிருச்சுங்க. இது சத்தம் போடாது" என்றேன்.

மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கேபிளைக் கழற்றினோம். ஓமலூர் வரை நானே ஓட்டினேன், நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு. அனல் அடிக்கிறது, ஏற்று என்று அவர் இரண்டு முறை சொன்னார். நான் ஏற்றவில்லை.