வரப்பில் முட்டை இல்லை

நோட்டோடு வருகிற யாருக்கும் திரௌபதி தன் பெயரைச் சொன்னதில்லை. மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருடமாக உப்பு வாருகிறாள். ஒருமுறை நோட்டோடு வந்த ஒருவர் தண்ணீரைச் சோதிக்க வந்ததாகச் சொன்னார். அடுத்த மாதம் வடக்குப் பக்கம் எல்லைக் கல் நட்டார்கள். கல்லுக்கு அப்பால் இருந்த பாத்திகளில் இப்போது யாரும் வேலை செய்வதில்லை.

அதனால் போன சித்திரையில் ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து, கழுத்தில் தூரக்கண்ணாடி தொங்க, வரப்பில் நின்றபோது திரௌபதி உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்கவில்லை. உப்பை இழுத்துக்கொண்டே பேசினாள். வந்தவள் பெயர் வைஜெயந்தி. இடையஞ்சாவடியில் குடியிருக்கிறாளாம். புத்தகம் எழுதுகிறாளாம்.

"இன்னா புத்தகம்?"

"சின்னப் பசங்களுக்குங்க."

"பசங்களுக்குன்னா நரி, காக்கா கதைதானே? அதுக்கு எதுக்கு தூரக்கண்ணாடி?"

"இது கதை இல்லீங்க. நிஜமா இருக்கிறதை எழுதுறது."

அந்தப் பதில்தான் திரௌபதியை அதிகம் பயமுறுத்தியது.

வைஜெயந்தி பாத்தியில் நின்ற பறவையைக் காட்டினாள். கறுப்பு இறக்கை, சிவந்த நீளக் கால். அளத்தில் அதற்கு நெட்டைக்கால் என்று பெயர். "இது இங்க முட்டை போடுமா?"

"போடாது."

"ஏங்க?"

"இந்த வெயில்ல முட்டை வெந்துபூடும்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பாக்காமயா சொல்றேன்?"

மேற்கு வரப்பில் அப்போது நான்கு முட்டைகள் இருந்தன. முட்டை இருக்கிற வரப்புக்கு அளத்தில் யாரும் மண் பூச மாட்டார்கள். கால் வைத்துவிடாமல் இருக்க ஒரு பனைமட்டையை நட்டு வைப்பார்கள். குஞ்சுகள் இறங்கிப் போன பிறகுதான் மண். குத்தகைக்காரர் சிவஞானத்துக்கும் இது தெரியும். பார்க்காதது போலப் போவார். ஆனால் சொல்லி வைத்திருந்தார்: "பறவை முட்டை போடுதுன்னு வெளிய தெரிஞ்சா, சரணாலயம்னு சொல்லி அளத்தையே மூடிடுவாங்க. யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லு." அளம் மூடினால் திரௌபதிக்கு வேறு வேலை இல்லை.

"உங்க பேருங்க?"

இரண்டு பாத்தி தள்ளி உப்பு வாரிக்கொண்டிருந்தவளைத் திரௌபதி பார்த்தாள். "சின்னப்பாப்பா" என்றாள்.

ஸ்கூட்டி போனதும் உண்மையான சின்னப்பாப்பா கத்தினாள். "ஏண்டி, மாட்டுனா நான் மாட்டட்டும்னு என் பேரைக் குடுத்தியா?"

"ஜெயிலுக்குப் போ. சோறு நான் கொண்டாறேன்."

இந்த வருடம் பங்குனியில் அந்தப் புத்தகம் பள்ளிக்கு வந்தது. திரௌபதியின் மகள் சரண்யா ஆறாவது படிக்கிறாள். பன்னிரண்டாம் பக்கத்தில் நெட்டைக்காலின் படம். கீழே, உப்பளத்தில் இது முட்டையிடுவதில்லை, வெயிலில் முட்டை வெந்துவிடும் என்கிறார் உப்பளத் தொழிலாளி சின்னப்பாப்பா, என்று இருந்தது. சரண்யா எழுந்து, தப்பு, நான் முட்டையைப் பார்த்திருக்கிறேன் என்றாள். கிருபா டீச்சர் நம்பவில்லை. அச்சிட்ட புத்தகம் பொய், நீ நிஜமா என்று கேட்டார். வகுப்பு சிரித்தது.

"திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணுமாம். இல்லைன்னா பார்த்தவங்களைக் கூட்டிட்டு வரணுமாம்" என்றாள் சரண்யா.

"பார்த்தவங்க யாருன்னு அவங்களுக்கு எதுக்கு? யாரு கேக்கச் சொன்னது?"

"ம்மா, நீதானே எனக்குக் காட்டுன?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

சரண்யா தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்ப நான்தான் பொய் சொல்றேனா?"

மறுநாள் காலை திரௌபதி புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையில் இருந்த எண்ணுக்குச் சரண்யாவைப் போன் போடச் சொன்னாள். போனை வாங்கி, "சின்னப்பாப்பா பேசுறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வைஜெயந்தி அளத்துக்கு வந்தாள். போனை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னாள் திரௌபதி. சாவியைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"நீங்க எழுதுனா எந்த அளம்னு போடுவீங்களா?"

"கூடு இருக்கிற இடத்தை எப்பவும் எழுத மாட்டோம்ங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க." உப்பு அம்பாரத்தின் நிழலில் அவளை உட்கார வைத்தாள். "அதோ அந்தப் பறவையைப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பறவை பாத்திக்குள் இறங்கியது. காலை மடக்கி வயிற்றை நீரில் அழுத்தியது. எழுந்து, சொட்டச் சொட்ட நடந்து மேற்கு வரப்பில் ஏறி, பனைமட்டைக்குப் பக்கத்தில் நின்றது. அங்கே ஏற்கனவே உட்கார்ந்திருந்த இன்னொன்று எழுந்து இடம் விட்டு, தண்ணீருக்குப் போனது. அதுவும் வயிற்றை நனைத்தது. மூன்று முறை மாறின.

வைஜெயந்தி தூரக்கண்ணாடியை இறக்கினாள். "முட்டை வேகாம இருக்கத்தான் நனைச்சிட்டு வருதா?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பார்த்தீங்க."

"கிட்ட போய்..."

"வேணாம்."

வைஜெயந்தி, கிருபா டீச்சருக்குக் கடிதம் எழுதினாள். திரௌபதி அதைக் கூட வந்திருந்த சரண்யாவிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொன்னாள். மாணவி சரண்யா சொன்னதுதான் சரி, புத்தகத்தில் தவறு, அடுத்த பதிப்பில் திருத்துவேன், இதைக் காட்டித் தந்தவர் சின்னப்பாப்பா என்று இருந்தது. அதைப் படித்ததும் சரண்யாவுக்குச் சிரிப்பு வந்தது.

"பேரை அடிக்கச் சொல்லு" என்றாள் திரௌபதி. "யாரும் காட்டல. அவங்களே பார்த்ததா எழுதட்டும்."

வைஜெயந்தி அடித்து எழுதினாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததும் திரௌபதிக்குச் சரியாகப் படவில்லை. சாவியைக் கொடுத்து, ஸ்கூட்டி ஈசிஆர் சாலையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேற்கு வரப்புக்குப் போய்ப் பனைமட்டையைப் பிடுங்கி, நான்கு வரப்பு தள்ளி நட்டாள்.

"இன்னாடி பண்ற?" என்றாள் சின்னப்பாப்பா.

"நாளைக்கு யாரையாவது கூட்டிட்டு வந்தா அங்க தேடட்டும்."

"நீயே காட்டுவ, நீயே மறைப்ப."

திங்கட்கிழமை சரண்யா மன்னிப்புக் கேட்கவில்லை. அளத்தில் அன்றிலிருந்து மட்டை நட்ட வரப்புக்கு மண் பூசினார்கள். முட்டை இருந்த, மட்டை இல்லாத வரப்பைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.