அம்மனுக்கு முன்னால் வந்துவிட்ட பாட்டு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பெரிய மார்க்கெட் வாசலில் கேசட் கடை போட்டது நான். அரியாங்குப்பத்து மாட்டுக்கொட்டகையில் முட்டை அட்டைகளை ஒட்டி, பாட்டுப் பதிகிற அறையாக்கியது நான். வைத்திக்குப்பத்தில் மீன் விற்ற ஓர் அம்மாவை மைக் முன்னால் நிறுத்தி, அம்மன் பாட்டு பாட வைத்ததும் நான்தான். இதையெல்லாம் பார்த்துச் சிரித்த கடைக்காரர்களெல்லாம் பிறகு என்னிடம்தான் சரக்கெடுத்தார்கள்.

மாசி மகத்துக்குச் சாமிகள் வைத்திக்குப்பம் கடலுக்கு வரும். வருஷா வருஷம் அன்றுதான் என் புதுப் பாட்டு வெளிவரும். முதல் பிரதியை அம்மன் காலடியில் வைத்த பிறகுதான் பெட்டியைப் பிரிப்பேன். கேசட் போய் சிடி வந்த பிறகும் அதே வழக்கம்தான்.

அந்த வருஷம் ஒரு சிடி மட்டும் முன்னதாகப் போனது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன்காரர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா, மகனைப் பார்க்க பாரீசுக்குப் புறப்பட்டார். என் கடைக்குப் பழைய வாடிக்கைக்காரர். "திருவிழாவுக்கு இருக்க மாட்டேன்பா, ஒண்ணு குடு" என்றார். ஊர்விட்டுப் போகிறவரை வெறுங்கையோடு அனுப்பலாமா?

மகத்தன்று பெட்டியோடு மணலில் நிற்கிறேன். அம்மன் இன்னும் வரவில்லை. பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர் செல்போனில் என் பாட்டு! அந்தப் பக்கம் இன்னொரு போனிலும் அதே பாட்டு.

"இது எங்கேர்ந்து வந்துது?"

"நெட்ல வந்துது பெருசு. புளூடூத்த ஆன் பண்ணு, அனுப்புறேன். பெட்டியில என்னா, பலூனா?"

"பாடுறது யாருன்னு தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்? ட்ராக் ஒன்னுன்னு போட்டிருக்கு."

சொல்தாவுக்குப் போன் போட்டேன். "பையன் நெட்ல ஏத்திட்டான்பா! இங்க நம்ம சனமெல்லாம் கேட்டு அழுவுது. நீ மெர்சி, நன்றிலாம் சொல்ல வேணாம்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

பாட்டைப் பாடிய மீன்கார அம்மா ஓடி வந்தார். "அண்ணே, ஊரே நம்ம பாட்டக் கேக்குது! ஏன் பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

பெட்டியை மணலில் இறக்கி வைத்தேன். கடை வேண்டாம், அட்டைப்படம் வேண்டாம், நான் வேண்டாம், பாட்டு தானாகவே கடல்தாண்டிப் போய்த் திரும்பி வந்துவிட்டது. நாளைக்கு என் கடைப்படி எவன் ஏறுவான்? இப்படி ஒருவன் இருந்தான் என்று எவனுக்குத் தெரியும்? அம்மன் வந்தபோது வழக்கம்போலச் சிடியைக் காலடியில் வைத்தேன்.

நெட்டில் ஏற்றுகிறவர்களே, ஏற்றுங்கள். தடுக்க என்னால் ஆகாது. ஆனால் பாடிய அந்த அம்மா பெயரையும், பதிந்த என் பெயரையும் சேர்த்து ஏற்றுங்கள். எங்களுக்கு ட்ராக் ஒன் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.